ஆச்சியின் புளியும் ஒரு பட்டாளத்துப் பித்தானும்

ஆபீஸ்ல ஆணி அதிகம் என்பதால் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஊருக்குப் போயிட்டு வந்த கையோட ஒரு பதிவு. வழக்கமான கொசுவத்திதான், ஆனா இந்தத் தடவை கொஞ்சம் வரலாறும் கலந்து. பொறுமை இருக்கிறவங்க மேல படிக்கலாம் :-)

பாளையங்கோட்டையில எங்க ஆச்சி வீட்டுல ஒரு பித்தளைச் செம்பு உண்டு. பூசை அலமாரியில விபூதித் தட்டுக்குப் பக்கத்துல இருக்கும். அதுக்குள்ள ரெண்டு ஓட்டைக் காலணா, ஒரு சோழி, அப்புறம் ஒரு பித்தளைப் பித்தான். (பட்டன்தான். எங்க ஊர்ல வயசானவங்க வாயில அது பித்தான்.) ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு தேய்க்கும்போது ஆச்சி அந்தப் பித்தானையும் புளி போட்டுத் தேய்ச்சு வைப்பா. சின்ன வயசுல "இது என்ன ஆச்சி?"ன்னு கேட்டா, "எங்கய்யா பட்டாளத்துல இருந்தப்போ போட்டுருந்த சட்டையில உள்ளது"ன்னு சொல்லுவா. அதுக்கு மேல பேச்சு இருக்காது.

ஆச்சியோட அப்பாவைப் பத்தி வீட்டுல தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, அவர் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குச் சண்டைக்குப் போனவர். ரெண்டு, அங்க அவரைத் தேனீ கொட்டிருச்சு. இந்த ரெண்டாவது விஷயம்தான் குடும்பத்துல பிரசித்தம். கல்யாண வீட்டுல நாலு பேர் கூடினா, "ஊர்ல எல்லாவனும் சண்டையில குண்டடி பட்டு வருவான், நம்ம தாத்தா தேனீ கொட்டி வந்தாரு"ன்னு எங்க பெரிய மாமா ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன். ஆச்சி மட்டும் சிரிக்க மாட்டா, அடுப்படிக்கு எழுந்து போயிருவா. அப்போ அது எனக்கு உறைக்கலை.

இந்தத் தடவை லீவுல போனப்போ அந்தப் பித்தானை எடுத்து, மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பார்த்தேன். பொட்டி தட்டுறவனுக்கு எதையாவது டீபக் பண்ணாட்டி தூக்கம் வராதே! நடுவுல வளைஞ்ச கொம்பு ஒண்ணு மங்கலாத் தெரிஞ்சது. அதோட வளைவுக்குள்ள ஒரு எண். இடப்பக்கம் சுத்தமா மழுங்கிப் போயிருந்தது. வலப்பக்கம் 3. மேலே ஒரு கிரீடத்தோட பாதி. பின்னால சின்ன வளையம், அதைச் சுத்தி தேய்ஞ்ச எழுத்துகள். 'பர்மிங்ஹாம்' என்பதை மட்டும் படிக்க முடிஞ்சது.

இதை வச்சு என்ன கண்டுபிடிக்க முடியும்? நிறையவே முடியும்னு அப்புறம்தான் புரிஞ்சது.

பித்தான் என்கிற அடையாள அட்டை

பிரிட்டிஷ் ராணுவத்துல 1767ல ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு காலாட்படைப் பிரிவும் தன் எண்ணைச் சட்டைப் பித்தான்ல பொறிக்கணும் என்பதுதான் அது. அப்போ சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவையில வார்த்த பித்தான். அதிகாரிக்கு வெள்ளி அல்லது தங்கமுலாம். 1855 வாக்கில் சிப்பாய்க்கும் பித்தளை வந்தது. 1871ல பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணை எடுத்துட்டு, அரச முத்திரை போட்ட பொதுப் பித்தானைக் கொடுத்தாங்க. அதிகாரிகள் மட்டும் தங்கள் பிரிவுக்கான பித்தானை விடாம வச்சிருந்தாங்க. இந்தியப் படைகள் தங்கள் எண்ணையும் சின்னத்தையும் தனியாக வைத்திருந்தன.

பித்தானைப் பார்த்து காலம் சொல்ல மூணு இடம் உண்டு. ஒண்ணு கிரீடம். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் கொஞ்சம் பள்ளமா இறங்கும். 1901ல அவர் இறந்த பிறகு வந்த மன்னர்களின் கிரீடம் மேலே வட்டமா, மொழுமொழுன்னு இருக்கும். ரெண்டாவது எண். மூணாவது பின்பக்கத்தில் இருக்கும் தயாரிப்பாளர் பெயர். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பித்தான் அடிக்கிறதையே தொழிலா வச்சிருந்த கம்பெனிகள் பெயரையும் முகவரியையும் மாத்தும்போதெல்லாம் பின்பக்க எழுத்தும் மாறும். கிட்டத்தட்ட நம்ம சாஃப்ட்வேர்ல வெர்ஷன் நம்பர் மாதிரி.

இன்னொரு விஷயம். நம்மூர் வெயிலுக்குப் போடுற காக்கிச் சட்டையில பித்தானை நூலால் தைக்க மாட்டாங்க. துணியில இருக்கும் ஓட்டை வழியா பித்தானோட வளையத்தை நுழைச்சு, உள்பக்கம் ஒரு சின்னக் கம்பி வளையத்தை மாட்டிவிடுவாங்க. வண்ணார் கல்லில் அடிச்சுத் துவைக்கும்போது பித்தான் நசுங்கக் கூடாதே, அதுக்காக. துவைக்கப் போடுமுன் எல்லாத்தையும் கழட்டணும், வந்ததும் மாட்டணும். சட்டை கிழிஞ்சு மண்ணோட மண்ணாப் போன பிறகும் பித்தான் மட்டும் செம்புக்குள்ளே தனியாக் கிடக்க இது ஒரு காரணம்.

சரி, எங்க பித்தானுக்கு வருவோம். கிரீடத்தோட மிச்சப் பாதி வட்டமா இருந்தது. அப்போ 1901க்குப் பிறகு. கொம்பு என்பது இலகு காலாட்படையோட சின்னம். சிதறி நின்னு சண்டை போடுறவங்களுக்குத் தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க பியூகிள்தான் வசதி என்பதால் வந்த சின்னம் அது. எண் இரட்டை இலக்கம், கடைசி இலக்கம் 3.

1903ல தளபதி கிச்சனர் இந்திய ராணுவம் முழுக்க எண்களை மாத்தி அமைச்சார். மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோட 60ஐக் கூட்டினாங்க. அப்படிப் பார்த்தா கொம்பும் 3ல முடியுற எண்ணும் ரெண்டு பட்டாளத்துக்குப் பொருந்துது. 23ஆக இருந்து 83ஆக மாறின வாலாஜாபாத் இலகு காலாட்படை ஒண்ணு. இன்னொண்ணு 3ஆக இருந்து 63ஆக மாறின... பாளையங்கோட்டை இலகு காலாட்படை!

ஆமா மக்களே, நம்ம ஊர் பேர்ல ஒரு பட்டாளம் இருந்திருக்கு. ஆங்கிலேயன் உச்சரிப்புல 'பாலம்கோட்டா'. பாளையங்கோட்டையில பொறந்து, சாராள் தக்கர் ஸ்டாப்ல பஸ் ஏறி, மேடை போலீஸ் ஸ்டேஷனை தினமும் தாண்டிப்போன எனக்கு இது இருபத்தேழு வயசு வரைக்கும் தெரியாது. வெட்கமாத்தான் இருந்தது.

ஊர் பெயர் சுமந்த பட்டாளம்

1758 கடைசியில பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகை போட்டான். அந்தச் சமயத்துலதான் அதுவரைக்கும் தனித்தனிக் கூட்டமா இருந்த சிப்பாய்களை கம்பெனிக்காரன் பட்டாளங்களா ஒழுங்குபடுத்த ஆரம்பிச்சான். அந்த வரிசையில 1759ல உருவான ஒண்ணுதான் பின்னாடி இந்தப் பாளையங்கோட்டைப் பட்டாளமா ஆச்சு. நடுவுல பேரும் எண்ணும் பல தடவை மாறிச்சு.

அந்தக் காலத்துல பாளையங்கோட்டை தெற்கத்திச் சீமையின் முக்கியமான ராணுவத் தளம். தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் நெல்லையப்பர் கோயிலும் ஊரும், இந்தப் பக்கம் கோட்டையும் சிப்பாய்களும். (இன்னைக்கு நாம சர்ருன்னு கடக்கிற சுலோச்சனா முதலியார் பாலம் 1843லதான் வந்தது. அதுவரைக்கும் ஆத்துல இறங்கித்தான் கடக்கணும்.) 1799 செப்டம்பர் 5ல மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். அக்டோபர் 16ல கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க. ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையிலதான் அடைச்சு வச்சாங்க. 1801 பிப்ரவரி 2ல அவர் தப்பிச்சுப் போய், இடிச்சுத் தரைமட்டமாக்கின கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31ல வந்த தாக்குதல் எடுபடாம வெள்ளைக்காரன் பின்வாங்கினான். மே 24ல, பெரும்படையோட கர்னல் அக்னியூ வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது.

இதெல்லாம் நமக்கு சினிமா வசனமா மனப்பாடம். ஆனா கோட்டைக்கு வெளியே நின்னவங்களைப் பத்தி நாம பேசுறதில்லை. அங்க நின்னது வெள்ளைக்காரன் மட்டும் இல்லை. சிவப்புக் கோட்டு போட்டு, கீழே அரைக்கால் சராயும் செருப்பும் மாட்டி, தமிழும் தெலுங்கும் பேசின சிப்பாய்கள்தான் எண்ணிக்கையில அதிகம். கம்பெனியோட பித்தான் நம்மாளுங்க நெஞ்சுமேலதான் மின்னிச்சு.

அந்த நெஞ்சுக்குள்ள என்ன இருந்தது என்பது வேற விஷயம். 1806 ஜூலை 10ல வேலூர்ல சிப்பாய்கள் எழுந்தாங்க. புதுத் தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம், நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் தீப்பொறி. அங்க இருந்த மூணு சிப்பாய்ப் பட்டாளங்களில் ஒண்ணான 23வது ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் அதிகம், பாளையக்காரர்களிடம் இருந்த பழைய வீரர்களும் அதில் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்து அஞ்சே வருஷம்!

அதே வருஷம் நவம்பரில் பாளையங்கோட்டையிலும் பீதி கிளம்பிச்சு. அங்க அதிகாரியா இருந்த மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ், சிப்பாய்கள் கிளர்ச்சிக்குத் திட்டம் போடுறாங்கன்னு நம்பி, ஆயுதங்களைப் பறிச்சு, முஸ்லிம் சிப்பாய்களைக் கோட்டையை விட்டே வெளியேத்தினார். இலங்கையிலிருந்து வெள்ளைப்படை வேணும்னு ஆள் அனுப்பினார். இதுக்காகப் பிறகு அவர்மேல ராணுவ விசாரணை நடந்து, விடுதலையும் ஆனார். 1801 போரைப் பத்தி நமக்கு நிறையச் சொல்லுற, 1830ல ரெண்டு பாகமா வெளியான நினைவுக் குறிப்புகள் இதே வெல்ஷ் எழுதினதுதான். ஆக, ஒரே சட்டை, ஒரே பித்தான். அதைப் போட்டவனை துரைமார் நம்பினதும் இல்லை, நம்பாம இருக்கவும் அவங்களால முடியலை.

பாளையங்கோட்டைப் பட்டாளம் 1817 டிசம்பர் 21ல மஹித்பூரில் மராட்டியர்களை எதிர்த்துச் சண்டை போட்டது. பிறகு பர்மா வரைக்கும் போனது. ஆனா 1880களில் காத்து மாறிச்சு. மதராஸ் ராணுவத் தளபதியா இருந்த ராபர்ட்ஸ், பின்னாடி இந்தியா முழுமைக்கும் தளபதியாகி, வடமேற்கே இருக்கிறவங்கதான் 'வீர இனம்', தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை என்ற கொள்கையைப் பிடிச்சுக்கிட்டார். மதராஸ் பட்டாளங்களை ஒண்ணொண்ணா கலைச்சாங்க. சிலதுல பேரை மட்டும் வச்சுக்கிட்டு ஆட்களைப் பஞ்சாபியரா மாத்தினாங்க. 1895ல மதராஸ் ராணுவம் என்ற தனி அமைப்பே முடிஞ்சு போச்சு. பாளையங்கோட்டைப் பட்டாளம் தப்பிப் பிழைச்சது.

டாங்கா

1914 அக்டோபர் 16ல பம்பாயிலிருந்து ஒரு படை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிச்சு. சுமார் 8000 பேர். அதில் 27வது பெங்களூர் பிரிகேடில் (நான் இப்ப பொட்டி தட்டுற அதே ஊர்!) ஒரு பட்டாளம், 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை. போக வேண்டிய இடம், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகம். அப்போ ஜெர்மன்காரன் கையில இருந்தது.

தலைவர் ஜெனரல் எய்ட்கன். ஒற்றறியவும் இல்லை, யார் சொன்னதையும் கேட்கவும் இல்லை. வாரக்கணக்கில் கப்பலுக்குள் நெரிசலில் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்த சிப்பாய்களை, மொம்பாசாவில் இறக்கி ஓய்வு கொடுக்கலாம்னு சொன்னதையும் ஏத்துக்கலை. சில பட்டாளங்களுக்குப் புது ரகத் துப்பாக்கியையே கப்பலேறும் சமயத்தில்தான் கொடுத்திருந்தாங்க. நவம்பர் 2ல பிரிட்டிஷ் கப்பல் முதலில் போய், "சமாதான ஒப்பந்தம் செல்லாது"ன்னு ஜெர்மன்காரனிடம் அறிவிச்சுட்டு வந்தது. அதாவது, வாரோம்னு தாக்கல் சொல்லிட்டுப் போன கதை. இடைப்பட்ட நேரத்தில் லெட்டோ-ஃபோர்பெக் என்ற கில்லாடித் தளபதி ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துட்டான். அவன்கிட்ட இருந்தது சுமார் ஆயிரம் பேர்தான்.

நவம்பர் 4ல பெரிய தாக்குதல். அடர்ந்த புதரும் தோட்டமுமா இருந்த இடத்துல முன்னேறினாங்க. பக்கத்துல நிக்கிறவன் முகம் தெரியாது. மெஷின் கன் சுட ஆரம்பிச்சதும் 63வது பட்டாளத்தின் வரிசை உடைஞ்சு சிதறிச்சு. பெரும்பாலானவங்க கடற்கரையைப் பார்த்து ஓடினாங்க. அதே சமயம் மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைஞ்சு, தேனீக்கள் படையெடுத்துக் கொட்ட ஆரம்பிச்சது. பின்னால வந்த 98வது பட்டாளத்துக்கு செம கொட்டு. இன்னைக்கும் அந்தச் சண்டைக்குப் பேர் 'தேனீக்களின் சண்டை'.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி மணி ஒண்ணரை. நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். முப்பது வருஷமா கல்யாண வீட்டுல சொல்லிச் சிரிச்ச கதை, போர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிற கதை!

அடுத்த நாள் எல்லோரையும் கப்பலில் ஏத்திக்கிட்டு பிரிட்டிஷ்காரன் கிளம்பிட்டான். மெஷின் கன்களும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தது. செத்தவங்களும் காயம்பட்டவங்களும் சேர்த்து 800 பேருக்கு மேல. பழி யார்மேல? எய்ட்கன் பதவி இறங்கினார்தான். ஆனா எழுதின வெள்ளை அதிகாரிகள் பலரும் 'ஓடிப்போன மதராஸிகள்'னுதான் எழுதி வச்சாங்க. முந்தின நாள், நவம்பர் 3ல, 'வீர இனம்' பட்டியலில் இருந்த 13வது ராஜபுத்திரப் பட்டாளமும் இதே டாங்காவில் நிலைகுலைஞ்சு பின்வாங்கினதை வச்சு யாரும் ராஜபுத்திரர்களுக்குப் பேர் வைக்கலை. மெஷின் கன்னுக்கு முன்னால இனம் எல்லாம் கிடையாது என்பதுதான் அந்த ரெண்டு நாளும் சொன்ன பாடம்.

போர் முடிஞ்ச பிறகு, 1920களின் தொடக்கத்தில் 63வது பட்டாளத்தைக் கலைச்சுட்டாங்க. 1928க்குள்ள பழைய மதராஸ் காலாட்படைகள் எல்லாமே போச்சு. அடுத்த போருக்கு ஆள் தேவைப்பட்டப்போ, 1941ல மறுபடி மதராஸ் ரெஜிமெண்டை ஆரம்பிச்சாங்க. குடியரசு ஆன பிறகு ராணுவப் பித்தானில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. பாளையங்கோட்டை என்ற பேர் மட்டும் எந்தப் பித்தானிலும் திரும்ப வரலை.

அந்த முதல் இலக்கம்

இப்போ பிரச்சினை என்னன்னா, எங்க பித்தான்ல முதல் இலக்கம் இல்லை. 6 ஆ, 8 ஆ? 83வது பட்டாளம் டாங்காவுக்குப் போகலை. ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தாக் கூட சொல்லிடலாம். ஆச்சியோட அம்மாவும், அவளுக்குப் பின்னால ஆச்சியும் நூறு வருஷமா வாராவாரம் புளி போட்டுத் தேய்ச்சதுல அது கரைஞ்சு போச்சு. பாசத்துல பாதுகாத்ததே சாட்சியை அழிச்சிருச்சு. தேனீக் கதையும் ஆப்பிரிக்காவும் சேர்ந்து 63ன்னு என் மனசு சொல்லுது. ஆனா மனசு சொல்லுறதை ஆதாரம்னு எழுத முடியாது.

ஊரிலிருந்து கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், திண்ணையில உக்காந்து ஆச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கப்பல், புதர், மெஷின் கன், தேனீ எல்லாம். 'ஓடினாங்க' என்ற இடத்தை மட்டும் கொஞ்சம் முழுங்கித்தான் சொன்னேன். ஆனா எண்பத்தஞ்சு வயசு ஆச்சிகிட்ட அதெல்லாம் நடக்குமா?

"அப்போ எங்கய்யா ஓடி வந்தவியதானால?"

எனக்கு என்ன சொல்லுறதுன்னு தெரியலை. "தெரியலை ஆச்சி. அந்தப் பட்டாளம்தானான்னே உறுதியாத் தெரியலை. அதுவாவே இருந்தாலும், நின்னவங்களும் இருந்திருக்காங்க, செத்தவங்களும் இருந்திருக்காங்க"ன்னு இழுத்தேன்.

கொஞ்ச நேரம் பித்தானை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா:

"ராத்திரி தூக்கத்துல திடுக்குனு எழுந்து, போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிடுவாவ. நான் சின்னப்புள்ள, பயந்துபோயி அழுவேன். தேனீயிலேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துருவாவ. இவனுவ அதைச் சொல்லிச் சிரிக்கானுவ."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. தெருவுல ஒரு மினி பஸ் பாட்டுப் போட்டுக்கிட்டே போனது.

"ஓடி வந்தா என்னல? ஓடி வந்ததாலதான் நான் பொறந்தேன், நீ வந்து கத சொல்லுத"ன்னுட்டு, செம்பைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டா.

மறுநாள் காலையில பெரிய மாமாவுக்கு போன் போட்டு, இதே கதையை முழுசாச் சொன்னேன். அவர் சிரிக்கலை. "எனக்கு யாரும் இப்படிச் சொல்லலையேடே"ன்னார். அடுத்த கல்யாண வீட்டுல என்ன பேசப் போறார்னு பார்க்கணும்.

பித்தான் இப்பவும் அதே செம்புலதான் இருக்கு. நான் கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், இனிமே புளி வேண்டாம், உலர்ந்த துணியில மட்டும் துடைன்னு. "சரில"ன்னா. நம்பிக்கை இல்லை, வெள்ளிக்கிழமை வந்தா தெரியும் :-)

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் பழைய வீடு இருக்கிறவங்க, பாட்டியோட அஞ்சறைப்பெட்டி, தையல் டப்பா, காசுச் செம்பு இதையெல்லாம் ஒரு தடவை கிளறிப் பாருங்க. பித்தளைப் பித்தான் கிடைச்சா தேய்க்காதீங்க. வெளிச்சத்தைச் சாய்வாப் பிடிச்சு முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் படம் எடுத்து வைங்க. கொம்பும், அதுக்குள்ள முழுசா ஒரு 63ம் இருக்கிற பித்தான் யார் வீட்டுலயாவது இருந்தா, அதோட 3 எங்க வீட்டு 3 மாதிரியே இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும். ஆச்சி இருக்கும்போதே அவகிட்ட உறுதியா ஒரு பதில் சொல்லணும்னு ஆசை.

டிஸ்கி: தேனீ ஜோக்கை இனி எங்க வீட்டுல யாரும் சொல்லக் கூடாதுன்னு தடை எல்லாம் போடலை. சொல்லுறவங்க முழுக் கதையையும் சேர்த்துச் சொல்லணும், அவ்வளவுதான்.